பேரேட்டுக்குள் ஓர் அருங்காட்சியகம்

மூடப்போகிற கம்பெனிக்குள் நுழைந்ததும் அந்த ஆவணக்காரர் முதலில் கேட்பது வவுச்சர் கட்டுகளைத்தான். மினிட்ஸ் புத்தகத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அதை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்; ஏதாவது ஓர் அலமாரியில் இருக்கும். பங்குதாரர் பதிவேடும் அப்படித்தான். வவுச்சரின் கதை வேறு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கிறது. ஒன்பதாவது ஆண்டில் ஆடிட்டர் தலையசைப்பார், குடோனில் இடம் வேண்டும் என்பார் மேனேஜர், வாசலுக்கு மீன்பாடி வண்டி வந்துவிடும்.

"ஒரு ஓவியத்த யார்கிட்ட வாங்கினாங்க, என்ன விலை குடுத்தாங்க, எந்தக் கப்பல்ல வந்துச்சு, எல்லாம் அந்தக் கட்டுலதான் சார் இருக்கு. மினிட்ஸ்ல 'அலங்காரச் செலவு அனுமதிக்கப்பட்டது'ன்னு ஒரே வரியில முடிச்சிருப்பாங்க" என்பார்.

ராயபுரத்துக்காரர். மண்ணடியில் ஒரு பைண்டிங் கடையில் எடுபிடியாகத் தொடங்கினார். கப்பல் ஏஜெண்டுகளுக்கும் கிளியரிங் ஏஜெண்டுகளுக்கும் பேரேடு, நாளேடு, சரக்குப் பதிவேடு என்று தடித்தடியாகத் தைத்துக் கொடுக்கும் கடை அது. ஆண்டர்சன் தெருவிலிருந்து காகித ரீம் வரும். முதுகுக்குத் தோலோ காலிகோ துணியோ போட்டு ஒட்டுவார்கள். புதுப் புத்தகம் தைத்துக் கொடுத்த கம்பெனிகளே சில வருடங்களில் பழைய புத்தகங்களை ரிப்பேருக்கு அனுப்பின. ரிப்பேருக்கு வந்த புத்தகத்தை அவர் படிக்க ஆரம்பித்தார். அங்கேதான் தொழில் மாறியது. இன்று வடசென்னையின் பழைய குடும்பக் கம்பெனிகள் பாகம் பிரிக்கும்போதும், இடம் மாறும்போதும், இழுத்து மூடும்போதும் கூப்பிட்டு அனுப்புவது இவரைத்தான். எதை வைக்கலாம், எதை எறியலாம், வைத்ததை எப்படிக் காப்பாற்றலாம் என்று சொல்வது அவர் வேலை.

திருவொற்றியூர், எண்ணூர் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பெரிய பெயர்கள். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிப் பின்னால் அசோக் லேலண்டான எண்ணூர் ஆலை, 1954-இல் வந்த கார்போரண்டம் யுனிவர்சல், 1955-இல் வந்த என்ஃபீல்டு, அதற்கும் முந்தைய விம்கோ தீப்பெட்டி ஆலை. இவற்றைச் சுற்றிப் பட்டறை, வார்ப்படம், கிடங்கு, லாரி, சரக்கு ஏற்றுமதி என்று குடும்பக் கம்பெனிகள் வரிசையாக வளர்ந்தன. அவற்றில் ஓரளவு பெரியவை ஒரு கட்டத்தில் செய்த காரியம் ஒன்றுதான். அண்ணன் தம்பி பங்குகள் சிதறிவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரு தாய்க் கம்பெனியின் பெயரில் போட்டு வைத்தார்கள். ஆலையும் கிடங்கும் லாபம் ஈட்டும். டிவிடெண்டும் வாடகையும் தாய்க் கம்பெனிக்கு வரும். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், கோயில் திருப்பணி, வீட்டுக்கு வாங்கிய ரவிவர்மா படம், வெண்கல விளக்கு, தஞ்சாவூர்த் தட்டு எல்லாமே அந்தக் கணக்கின் வழியாகத்தான் போகும். அதனால் ஒரு குடும்பத்தின் கலை ரசனை எங்கே பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் அவர் தாய்க் கம்பெனியின் பேரேட்டைத்தான் காட்டுவார். ஓவியம் சில இடங்களில் 'மரச்சாமான்' என்ற தலைப்பில் இருக்கும், சில இடங்களில் 'விளம்பரம்'. 'தர்மம்' என்ற தலைப்பிலும் பார்த்திருக்கிறார்.

இந்தியாவில் இந்த முறைக்கு அவர் எடுத்துச் சொல்லும் முதல் உதாரணம் அகமதாபாத்தின் சாராபாய் குடும்பம். காலிகோ மில் 1880-இல் தொடங்கியது. அம்பாலால் சாராபாய் காலத்தில் அது நாட்டின் முன்னணி ஆலைகளில் ஒன்றானது. குடும்பத்தின் தாய்க் கம்பெனிக்குப் பெயர் கரம்சந்த் பிரேம்சந்த். ஆலையை மேனேஜிங் ஏஜெண்டாக நடத்தியது அந்தப் பெயர்தான். 1940-களில் அம்பாலாலின் மகன் கௌதம் சாராபாயிடம், துணிக்கென்று ஓர் அருங்காட்சியகம் அமையுங்கள் என்று சொன்னவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-இல் பிறந்து, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்து, 1947 செப்டம்பரில் மறைந்த அந்தத் தமிழர் தன் யோசனை பலித்ததைப் பார்க்கவில்லை. 1949-இல் காலிகோ ஜவுளி அருங்காட்சியகத்தை நேரு திறந்துவைத்தார். முதலில் அது ஆலை வளாகத்துக்குள்ளேயே இருந்தது. 1983-இல் ஷாஹிபாக்கில் உள்ள குடும்ப வீடான 'ரிட்ரீட்'டுக்குப் போனது. கௌதமின் தங்கை கீரா சாராபாய் 2021-இல் காலமாகும்வரை அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். ஆலை 1990-களில் முடிந்துபோயிற்று. அருங்காட்சியகம் சாராபாய் அறக்கட்டளையின் பொறுப்பில் இன்றும் நடக்கிறது.

ஆலை, தாய்க் கம்பெனி, அறக்கட்டளை, வீடு. ஒரு பழைய துணியை வாங்கினால் பணம் இந்த நான்கில் எதிலிருந்து போனது? ஆவணக்காரருக்கு இதுதான் உயிரான கேள்வி. மேனேஜிங் ஏஜென்சி முறையை அரசு 1970 ஏப்ரலில் ஒழித்தது. அதற்கு முன்னால் ஏஜெண்டுக் கம்பெனியின் கமிஷன் கணக்கு, ஆலையின் கணக்கு, குடும்பத்தாரின் சொந்தக் கணக்கு எல்லாம் ஒரே கணக்கர் மேஜையில் எழுதப்பட்டவை. 1970-க்குப் பின் பல குடும்பங்களில் காகிதங்கள் மூன்று நான்கு இடமாகப் பிரிந்தன. பிரித்தவர்கள் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டார்கள். வடசென்னையிலும் அப்படித்தான் நடந்தது என்று தன் அனுபவத்திலிருந்து அவர் சொல்கிறார். ஒரே சிற்பத்துக்கான பில் ஒரு வீட்டிலும், அதற்குப் பணம் கொடுத்த பதிவு இன்னொரு வீட்டிலும், அதை இன்ஷூர் செய்த பட்டியல் வக்கீல் ஆபீசிலும் கிடந்ததை அவர் கண்டிருக்கிறார். மூன்றும் சேராமல் அந்தச் சிற்பத்தைப் பற்றி யாரும் எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆகவே அவர் ஒரு விதியைக் கடுமையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்: காகிதம் வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் உதவி செய்வதாக நினைத்து, "கோயில் சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரு பக்கம், படம் சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரு பக்கம் எடுத்து வச்சுட்டோம்ணே" என்பார்கள். அவருக்கு வயிற்றைக் கலக்கும். 1956 ஜூலை மாத வவுச்சர் கட்டில் உப்புக் கிடங்கு வாடகைக்கும் லாரி டயருக்கும் நடுவில் ஓர் ஓவிய பில் இருந்தால், அந்த இடமே ஒரு செய்தி. அந்த மாதம் கம்பெனிக்குக் கையிருப்பு எவ்வளவு, எந்த மகன் அப்போது பொறுப்பில் இருந்தான், வாங்கியது ஆசைக்கா கடனை அடைக்கவா என்று முன்பின் வவுச்சர்கள் சொல்லும். பிடுங்கி எடுத்துத் தனிக் கோப்பில் போட்டால் பில் மட்டும் மிஞ்சும்.

காலிகோ அருங்காட்சியகத்தை அவர் ஒரு பார்வையாளராகத்தான் போய்ப் பார்த்தார். முன்பதிவு செய்து, சிறு குழுவாகத்தான் அங்கே உள்ளே விடுவார்கள். கூடாரத் துணிகள், பட்டோலா, நாத்துவாராக் கோயில் திரைகள் எல்லாம் தாண்டி அவர் நின்றுவிட்ட இடம் சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகள். சாயவேரின் சிவப்பு, கடுக்காயும் எருமைப்பாலும் ஊறிய பருத்தி, படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் பிடிக்கும் நிறம். அந்தத் துணித் தொழிலின் ஒரு பங்கு நடந்தது அவர் ஊரில். வண்ணாரப்பேட்டையின் வெளிகளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணியைத் துவைத்து, வெயிலில் விரித்து வெளுத்தார்கள். திருவொற்றியூருக்குப் பக்கத்துக் காலாடிப்பேட்டை, ஆளுநர் ஜோசப் காலெட் 1717-க்கும் 1720-க்கும் இடையில் இருந்த காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கிய ஊர். பஸ் நிறுத்தமாக மட்டும் தெரிந்த பெயர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் துணியாகத் தொங்கியது அவரை உலுக்கிவிட்டது.

அந்தத் துணிகளைப் பற்றி உலகம் இவ்வளவு உறுதியாகப் பேச முடிவதற்குக் காரணம் துணி மட்டுமல்ல. 1955-இல் காலிகோ அருங்காட்சியகம் இந்திய ஜவுளி வரலாற்றுக்கென்று ஓர் ஆய்விதழைத் தொடங்கியது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஜான் இர்வின் அதற்கு ஆசிரியர். பதினேழாம் நூற்றாண்டின் துணி வணிகத்தைப் பற்றி அவர் அதில் தொடராக எழுதினார். 1956-இல் சோழமண்டலக் கரைக்கு ஒரு கட்டுரை. இர்வினின் மூலப்பொருள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களும் கணக்குகளும். எந்த ஊரில் எந்த வகைத் துணிக்கு ஆர்டர் போனது, லண்டனிலிருந்து என்ன மாதிரி வந்தது, எந்த நிறத்தைக் குறைக்கச் சொன்னார்கள் என்று ஒரு வியாபாரக் கம்பெனியின் சலிப்பூட்டும் காகிதங்களிலிருந்து எடுத்தார். பின்னால் இர்வினும் மார்கரெட் ஹாலும் சேர்ந்து 1971-இல் வெளியிட்ட, அருங்காட்சியகத்தின் வண்ணத்துணிப் பட்டியல் அந்த வேலையின் விளைவு.

ராயபுரத்துக்காரர் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஒரு கம்பெனியின் காகிதம் இருந்ததால் இன்னொரு கம்பெனி சேர்த்த துணிக்கு ஊர் கிடைத்தது, காலம் கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றி நமக்கு நல்ல நினைவுகள் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் அது காகிதத்தை எறியவில்லை. எழும்பூரில் 1909-இல் கட்டிய ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் பதிவேடுகள் 1670-களிலிருந்து இருக்கின்றன. துணி அகமதாபாத்தில், காகிதம் எழும்பூரிலும் லண்டனிலும், வெளுத்த மைதானம் வண்ணாரப்பேட்டையின் தெருக்களுக்கு அடியில். இவற்றை இணைக்கும் நூல் கணக்கெழுதியவர் கையெழுத்துதான்.

இதே வடசென்னையில் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. பின்னி கம்பெனியின் பெருமை அவை. 1878-இல் முதல் ஆலை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அங்கேதான். ஆலை 1996-இல் மூடியது. கொட்டகைகள் கிடங்காகவும் சினிமா படப்பிடிப்புத் தளமாகவும் ஆயின. அகமதாபாத்தில் நடந்ததுபோல் பெரம்பூரில் ஓர் அருங்காட்சியகம் எழவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரும். "ஆயிரக்கணக்கான குடும்பம் அங்க வேலை பாத்திருக்கு சார். ஒரு துணி மாதிரிப் புத்தகமாவது கண்ணாடிக்குள்ள இருந்திருக்கணும்." ஆலைகளில் நெய்த ஒவ்வொரு ரகத்துக்கும் சிறு துண்டு வெட்டி ஒட்டி எண்ணிட்டு வைக்கும் தடித்த புத்தகங்கள் உண்டு. துணியும் ஆவணமும் ஒன்றாக இருக்கும் பொருள் அது. பாதி அருங்காட்சியகம் அதுவே.

குடும்பத் தாய்க் கம்பெனிகளில் காகிதத்தையும் கலையையும் சேர்த்தே காத்தவர்கள் என்று அவர் சொல்வது டாடாக்களை. ஜாம்ஷெட்ஜி 1887-இல் தொடங்கிய கூட்டுக் கம்பெனி 1917-இல் டாடா சன்ஸ் லிமிடெட் ஆனது. இளைய மகன் சர் ரத்தன் டாடா கலைப்பொருள் பித்தர். லண்டனுக்குப் பக்கத்தில் டுவிக்கன்ஹாமில் யார்க் ஹவுஸ் என்ற மாளிகையை 1906-இல் வாங்கினார். அந்தத் தோட்டத்தில் அவர் நிறுத்திய பளிங்குச் சிலைக் கூட்டத்தைப் பார்க்க இன்றும் ஆட்கள் போகிறார்கள். சீன ஜேடு, ஜப்பானியப் பீங்கான், ஐரோப்பிய ஓவியம் என்று சேர்த்ததெல்லாம் அவர் 1918-இல் இறந்தபின் பம்பாயின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போயின. அண்ணன் சர் தோராப்ஜியின் சேகரிப்பு 1933-இல் போயிற்று. இன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்று பெயர் மாறியிருக்கும் அந்த இடத்தின் கூடங்களில் பாதியை இந்த இரண்டு சகோதரர்களின் பொருள்கள் நிரப்பும்போல் தோன்றும். இருவரும் சொத்தை அறக்கட்டளைகளுக்கு எழுதிவைத்தார்கள். டாடா சன்ஸ் பங்குகளில் மூன்றில் இரண்டு பங்கு இன்று அறக்கட்டளைகளின் கையில். காகிதங்களுக்கென்று 2001-இல் புனேயில் டாடா மத்திய ஆவணக் காப்பகம் திறந்தார்கள். 2006-இல் கோத்ரெஜ் குடும்பமும் மும்பை விக்ரோலியில் தங்கள் காப்பகத்தை அமைத்தது.

ரத்தன் டாடாவின் கணக்கைத் தமிழர்கள் ஏன் கவனிக்க வேண்டும் என்பதற்கு ராயபுரத்துக்காரரிடம் ஒரு காரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகத்துக்கு ரத்தன் டாடா 1909-இல் 25,000 ரூபாய் அனுப்பினார். மொத்தமாக அவர் கொடுத்தது 1,25,000. சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் 1910 முதல் டால்ஸ்டாய் பண்ணையில் தங்கின. அவர்களில் தமிழர்கள் நிறைய. பாடலிபுத்திரத்தில் ஸ்பூனர் நடத்திய அகழாய்வுக்கும் பணம் தந்தவர் அவர்தான். ஜேடு வாங்கிய கையும், வெள்ளைக்கார அரசை எதிர்த்துச் சிறை போனவர்களின் பிள்ளைகளுக்கு அரிசி வாங்கிய கையும் ஒன்று. அருங்காட்சியகக் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் ஜேடு மட்டும் தெரியும். கணக்கைப் பார்த்தால் மனிதர் தெரிவார்.

ராயபுரத்திலும் பார்சிகள் உண்டு. மேற்கு மாதா கோயில் தெருவில் 1910-இல் பிரோஜ் கிளப்வாலா தன் மகன் ஜாலின் நினைவாகக் கட்டிய அக்கினிக் கோயில் இன்றும் இருக்கிறது. வியாபாரி துக்கத்தையும் கணக்கையும் கட்டடமாக்குவது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. திருவொற்றியூர்க் கடலோரத்தில்தான் பட்டினத்தாரின் சமாதி. அவர் துறவு பூண்டபின் பொக்கிஷத்தை ஊருக்குத் திறந்துவிட்டதாகக் கதை சொல்வது கணக்குப்பிள்ளை சேந்தனாரைப் பற்றி. கணக்குப்பிள்ளையைச் சுற்றி ஒரு பக்திக் கதையே கட்டியிருக்கும் ஊர், கணக்குப் புத்தகத்தைக் கிலோ விலைக்குப் போடுவது ராயபுரத்துக்காரருக்குப் பொறுக்கவில்லை.

தமிழ் வியாபாரக் குடும்பங்களின் பேரேட்டைத் திறந்தால் மகமை என்று ஒரு கணக்கு இருக்கும். நகரத்தாரும் நாடார்களும் சரக்கில் இவ்வளவு, விற்பனையில் இவ்வளவு என்று ஒதுக்கிக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கும் போட்ட பணம் அது. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படிப் பொதுப் பணத்தில் எழுந்ததுதான். காமராஜர் படித்த பள்ளி. எந்த வருடம் தர்மக் கணக்கிலிருந்து பணம் கோயிலுக்குப் போவது குறைந்து படிப்புக்குப் போனது, எப்போது ஓவியம், சிற்பம், கச்சேரி என்று திரும்பியது என்பதைப் பேரேடு ஆண்டுவாரியாகச் சொல்லும். குடும்பம் வாய்வழியாகச் சொல்லும் கதையும் அதுவும் அபூர்வமாகத்தான் ஒத்துப்போகும். பெரும்பாலும் பேரேடு சொல்வது சுவாரஸ்யமாக இருக்கும்.

அவர் மேஜையில் வேலை நடப்பதை ஒருநாள் பார்த்தால் இதெல்லாம் எவ்வளவு மெல்லிய காகிதத்தில் தொங்குகிறது என்று புரியும். அன்று அவர் கையில் இருந்தது பழைய கப்பல் ஏஜெண்டு குடும்பம் ஒன்றின் காப்பிப் புத்தகம். கார்பன் தாள் பரவலாவதற்கு முன்னால் கடித நகல் எடுத்த முறை அது. ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை வாங்கிய உத்தி. தனி மையில் எழுதிய கடிதத்தை ஈரமாக்கிய மெல்லிய தாளோடு சேர்த்து இரும்பு அழுத்தியில் வைத்து நெருக்குவார்கள். மை தாளுக்குள் ஊறும். ஒரு பக்கம் எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். தாள் வெங்காயத் தோல் கனம்தான் என்பதால் மறுபக்கம் வழியாக நேராகப் படிக்கலாம். நூற்றுக்கணக்கான பக்கங்கள், எண் அச்சிட்டு, முன்னால் பெயர் அகராதி.

இந்தத் தாளை நனைக்கவே கூடாது. நனைத்து எழுதியது நனைத்தால் அழியும். ஊதா மை ஓடிப் பக்கம் முழுவதும் படர்ந்துவிடும். அவர் மென்மையான தூரிகையால் முதலில் தூசியைத் தள்ளினார். வந்தது கறுப்புத் தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறங்கிய காலத்தில் ராயபுரம் வீடுகளின் சன்னல் ஓரமெல்லாம் படிந்த கறுப்பு. உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2011-இல் அது நின்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. புத்தகத்துக்குள் புகுந்த தூசி மட்டும் அப்படியே இருக்கிறது. விரலால் துடைத்தால் நார்க்குள் அழுந்திவிடும். பின்பு பக்கங்களுக்கு நடுவே துருப்பிடித்த குண்டூசிகளை மரச்சீவலால் நெம்பி எடுத்தார். கிழிசலுக்கு ஜப்பானியத் தாளை ஓரம் பிய்த்து, பசையைக் கிட்டத்தட்டக் காய்ந்த நிலையில் தொட்டு வைத்தார். பைண்டிங் கடையில் கற்றது மைதா மாவும் துத்தமும் சேர்த்த பசை, பூச்சி வராது. காகிதத்தில் நேரடியாகப் படுவதற்கு இப்போது மாவுச்சத்துப் பசையைத்தான் பயன்படுத்துகிறார்.

நடுப்பகுதியில் ஒரு கடிதம். பம்பாயிலிருந்து கப்பலில் வந்த 'படங்கள் உள்ள பெட்டி' ஒன்று கடல்நீர் பட்டு இறங்கியிருக்கிறது. சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் அதே கையெழுத்தில் உப்பு மூட்டைகளைப் பற்றிய கடிதம். அந்தக் குடும்பத்துப் பழைய வீட்டுக் கூடத்தில் தொங்கிய படங்களில் ஒன்றின் கீழ் ஓரத்தில் அலைபோல் ஒரு கறை உண்டு. வீட்டார் அதை மழை ஒழுகியதாகவே சொல்லி வந்தார்கள். கறைக்கும் கடிதத்துக்கும் முடிச்சுப் போட முடியுமா என்று அவர் உடனே சொல்லிவிடவில்லை. பெட்டி எண்ணை எழுதிக்கொண்டார். எண்ணை வைத்து நாளேட்டில் தேட வேண்டும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்த நாட்கள் அவை. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் வலையெல்லாம் கறுத்தது, மீனவர்கள் தொழில் இழந்தார்கள். அந்தப் பெருந்துயரத்தில் கணக்குப் புத்தகங்களைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசியிருக்கவும் முடியாது. ஒரு குடும்பக் கம்பெனியின் தரைத்தளக் கிடங்கில் இடுப்பளவு நின்ற நீர் வடிந்தபின் அவரைக் கூப்பிட்டார்கள். நனைந்த காகிதத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காத்திருக்கவே காத்திருக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உலர்த்த இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை. உறையவைப்பதுதான் வழி. உறைந்தால் பூஞ்சை நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம்.

காசிமேட்டில் மீன் வைக்கும் குளிர்சாதனக் கிடங்குகள் உண்டு. தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்டார்.

"இன்னாண்ணே, புக்க போயி ஐசுல வெக்கறதா?"

"ஆமா தம்பி. பாலித்தீன்ல கட்டித் தரேன். மீன் வாடை உள்ள போகாது."

"வாடையப் பத்தி இல்லண்ணே, எறா லோடு வந்தா எடுத்துடணும்."

ஒப்புக்கொண்டார்கள். எண்ணெய் படாதவை தப்பின. எண்ணெய் ஏறியவற்றில் எதுவும் செய்ய முடியவில்லை. எழுத்து தெரிந்த பக்கங்களைப் படம் பிடித்துவைத்தார். அந்தக் கட்டுகளில் 1960-களின் தாய்க் கம்பெனி நாளேடுகள் போய்விட்டன என்பதைச் சொல்லும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

புயலுக்கும் கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் தப்பியது காயலான் கடைக்குத் தப்புவதில்லை. வண்ணாரப்பேட்டையின் கடைக்காரர்கள் சிலர் இப்போது அவருக்குப் போன் செய்கிறார்கள். "அண்ணே, தோல் அட்ட போட்டது வந்துருக்கு, பாக்கறீங்களா? கிலோ ரேட்டுதான்." போய்ப் பார்ப்பார். தோல் அட்டையைத் தனியாக உரித்து விற்பவர்களும் உண்டு. அட்டை போனால் புத்தகம் எந்தக் கம்பெனியுடையது என்றே தெரியாது. அரசு ஆவணங்களுக்காவது 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. தனியார் கம்பெனியின் எட்டு ஆண்டு கடந்த கணக்குக் காகிதத்தைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய குடும்பத் தகராறு ஏதாவது வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் எரிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் அவர் வாதாடுவதில்லை; வேண்டுமானால் முப்பது வருடம் பூட்டிவைத்துக்கொள்ளுங்கள், எரிக்காதீர்கள் என்று மட்டும் கெஞ்சுவார்.

ஆனால் ஒரு சட்டம் அவருக்குக் கைகொடுக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும்; கையெழுத்துச் சுவடிகளுக்கு அது 75 ஆண்டு. பதிவுச் சான்றிதழில் பொருளின் படம் ஒட்டியிருக்கும். வெண்கலச் சிலைகள் கடத்தப்பட்டு வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து திரும்பி வரும் காலம் இது. எங்கிருந்து வந்தது, யாரிடம் இருந்தது என்று காட்டும் காகிதம் இல்லாத பொருளைப் பொறுப்பான அருங்காட்சியகம் எதுவும் இப்போது தொடாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் எஸ். பரமசிவன் தொடங்கிய ஆய்வகத்தால் வெண்கலத்தின் களிம்பை நீக்க முடியும். அதன் பூர்வீகத்தை எந்த ரசாயனமும் தராது. இதைச் சொன்னால் கம்பெனிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

திருவொற்றியூரில் ஒரு குடும்பத்தின் தாய்க் கம்பெனி இப்போது கலைக்கப்படுகிறது. பேத்தி ஒருத்தி, பாட்டனார் சேர்த்த ஓவியங்களையும் விளக்குகளையும் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறாள். அருங்காட்சியகம் காகிதம் கேட்டது. "அங்கிள், எங்ககிட்ட போட்டோ ஆல்பம்தான் இருக்கு" என்று அவரிடம் வந்தாள். அவர் வழக்கம்போல் வவுச்சர் எங்கே என்றார். எட்டு வருடத்துக்கு முந்தையது எல்லாம் போய்விட்டது என்றார் மேனேஜர். செல்வ வரிக் காலத்துக் கோப்புகள் இருக்கின்றனவா என்று இவர் கேட்டார். செல்வ வரி 2015-இல்தான் ஒழிந்தது. அதுவரை வசதியான குடும்பங்கள் நகை, சொத்து என்று ஆண்டுதோறும் மதிப்புப் பட்டியல் போட்டார்கள். அந்தக் கோப்புகளை யாரும் எறியவில்லை, வருமான வரித் துறை என்றால் எல்லோருக்கும் பயம். அதற்குள் ஒரு மதிப்பீட்டாளரின் பட்டியல் இருந்தது. வாங்கிய ஆண்டு, விற்றவர் பெயர், அளவு, படச் சட்டத்தின் மரம் உட்பட. தீ இன்ஷூரன்ஸ் பாலிசியின் இணைப்பில் இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டதில் ஆல்பத்தில் உள்ள படங்களில் பெரும்பகுதிக்குக் காகிதம் சேர்ந்துவிட்டது. இரண்டு விளக்குகளுக்கு எதுவும் இல்லை. அவற்றைப் பட்டியலில் தனியாக, 'மூலம் தெரியவில்லை' என்று எழுதச் சொன்னார். மறைத்து எழுதினால் நாளை மற்றவற்றையும் யாரும் நம்பமாட்டார்கள்.

நன்கொடைப் பத்திரத்தின் நகல் அவரிடம் வந்தபோது ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பொருள்களோடு அவை சம்பந்தப்பட்ட கம்பெனிக் கோப்புகளும் போக வேண்டும், இரண்டையும் பிரிக்கக் கூடாது. வக்கீல் முதலில் எதற்கு என்று கேட்டார். பேத்தி பட்டியலை அவர் முன்னால் விரித்து, சட்டத்தின் மரம் எழுதியிருந்த வரியைக் காட்டினாள். வரி சேர்ந்தது. கோப்புகளுக்கான பெட்டிகள் அளவெடுத்து அமிலமில்லாத அட்டையில் செய்ய ஆண்டர்சன் தெருவில் சொல்லியிருக்கிறார். அட்டை பம்பாயிலிருந்து வர வேண்டும்.